வடியட்டும், காயட்டும்: வாசகர் கேள்வி–பதில்

வெள்ளம் வடிந்த பிறகு எழும் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழின் மூலையில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களால் என் மேசையே மூழ்கிவிட்டது. இருபத்தொன்பது ஆண்டுகள் ஆற்றுக் கரைகளோடு மல்லுக்கட்டிய பொறியாளர் என்ற முறையிலும், ஒருமுறை சொந்த வீட்டுக்குள் இடுப்பளவு நீரில் நின்றவள் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். இரண்டாவதில்தான் அதிகம் கற்றேன்.

கேள்வி: தண்ணீர் வடிந்து மூன்று வாரம் ஆகிறது. உள்சுவரில் மூன்றடி உயரத்துக்குக் கறை. தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மகன் குடும்பத்தோடு வருகிறான். அதற்குள் பூசி, வண்ணம் அடித்துவிடலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

வேண்டாம் ஐயா. நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் வீட்டில் நீர் வடிந்த நாற்பதாம் நாள் சிமென்ட் பூச்சு முடிந்தது. அதன்மேல் பளபளவென்று எனாமல் வண்ணம். பொறியாளர் வீடு என்றால் இப்படித்தான் என்று நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் மாதம் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. அத்தனையையும் சுரண்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். கரைக்குள் ஈரம் எப்படி ஏறும் என்று இளநிலைப் பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தவள், தன் வீட்டுச் சுவருக்கும் அதே விதிதான் என்பதை மறந்துவிட்டாள்.

செங்கல் நீரைக் குடிக்கும். குடித்ததை மேலேயும் ஏற்றும். ஆகவே நீங்கள் பார்க்கும் கறைக்கு மேலேயும் ஓதம் இருக்கிறது. கறைக்கு மேல் ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைக் காற்றாட விடுங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்லும் உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருபுறமும் காற்றுப்பட நின்றாலும் நான்கைந்து மாதம் ஆகும். எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள், மின்விசிறி ஓடட்டும். அதற்கு முன் மின்பணியாளர் வந்து கறைக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். அறைக்குள் நெருப்பு மூட்டிச் சுவரை வாட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேற்பரப்பு வெடிக்கும், உள்ளீரம் அப்படியே இருக்கும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஒரு முழம் பாலித்தீன் தாளை எடுத்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் சுவரோடு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். வியர்க்காத நாளில் பூச ஆரம்பியுங்கள். முடிந்தால் சுண்ணாம்புப் பூச்சு. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், சுண்ணாம்பு வெளியே விடும். மகன் வரட்டும். கொத்திப் போட்ட சுவரை அவனும் பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் தரைக்குக் கீழே உள்ள வாகன நிறுத்துமிடம் கூரை வரை நிரம்பிவிட்டது. மூன்று பெரிய மோட்டார் வைத்து ஒரே இரவில் இறைத்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு. உங்கள் கருத்து?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் இறைத்திருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் இறைக்கவில்லை என்றால் நிறுத்துங்கள்.

வெளியே மண் முழுவதும் நீரில் ஊறி, நிலவறைச் சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் நீர் பதிலுக்கு வெளிநோக்கித் தள்ளுகிறது. இந்த இரண்டு தள்ளலுக்கும் நடுவில்தான் சுவர் நிற்கிறது. உள் நீரை ஒரே இரவில் எடுத்துவிட்டால் சுவர் உள்வாங்கி விழலாம், தரைத்தளம் பெயர்ந்து மேலெழலாம். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறைக்கச் சொல்கிறது அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு. இறைத்ததும் சுவரில் கோடு போடுங்கள். காலையில் நீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் வெளிமண் இன்னும் வடியவில்லை என்று பொருள். ஒரு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். இன்னொன்று: டீசல் மோட்டாரைக் கீழே இறக்கி ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெள்ளத்தில் தப்பியவர்களை வெள்ளம் வடிந்த பிறகு கொன்றிருக்கிறது அது.

கேள்வி: கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. எத்தனை முறை இறைத்துக் கொட்டினால் குடிக்கலாம்? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?
— ஓர் இல்லத்தரசி

எண்ணிக்கையில் இல்லை அம்மா. முதலில் சேற்றையும் மிதப்பதையும் அகற்றுங்கள். கலங்கல் குறையும் வரை மெதுவாக இறையுங்கள். வேகமாக இறைத்தால் ஊறிய பக்கச்சுவர் சரியும். உறை இறங்கிய பழைய கிணறு என்றால் இன்னும் கவனம்.

பிறகு கணக்கு. விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 1, அதன் வர்க்கத்தை 3.14ஆல் பெருக்கி, ஆழத்தால் பெருக்கினால் 9.42 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 9,400 லிட்டர். தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 24 கிராம்கூட வராது. ஆனால் வெள்ளம் கலந்த நீர் தெளிந்த நீர் அல்ல. அழுக்கு முதலில் குளோரினைத் தின்றுவிடும், மிஞ்சுவதுதான் கிருமியைக் கொல்லும். ஆகவே எவ்வளவு போட்டோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. போட்டு ஒரு மணி நேரம் கழித்து, சோதனைத் திரவம் கொண்டு பாருங்கள், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி போட வேண்டும். பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் கிணற்றில் சேருங்கள். திறந்து பல மாதம் ஆன பவுடரில் வீரியம் இருக்காது. சோதனை சரியாகும்வரை கொதிக்க வைத்த நீர்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். பூச்சிமருந்து, எண்ணெய் போன்றவை கலந்திருந்தால் குளோரினாலும் பயனில்லை, கொதிக்க வைத்தாலும் பயனில்லை, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கடல்நீர் புகுந்த கிணறு என்றால் இறைக்க இறைக்க உப்பு குறையும் என்று நம்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில், அடியிலிருந்த உப்புநீர் மேலே ஏறிவந்தது. அங்கே கிணற்றைத் தேற்றியது மழைதான்.

கேள்வி: எங்கள் தெருவும் அடுத்த தெருவும் ஒரே அளவுதான் மூழ்கின. அவர்கள் இரண்டே மாதத்தில் எழுந்துவிட்டார்கள். வசதி படைத்தவர்கள் எங்கள் தெருவில்தான் அதிகம். ஆனால் இன்னும் குப்பைகூட முழுதாகப் போகவில்லை. என்ன காரணம்?
— கல்லூரி மாணவர்

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன்.

டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் 2005ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்சுக்குக் குடிபோய்ச் சில வாரங்களிலேயே கத்ரீனா புயல் வெள்ளத்தில் வீட்டை இழந்தார். அதன்பிறகு உங்கள் கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். 1923 தோக்கியோ நிலநடுக்கம், 1995 கோபே நிலநடுக்கம், 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடலோரம், கத்ரீனாவுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்சு ஆகிய நான்கையும் ஒப்பிட்டார். எந்தப் பகுதி விரைவில் மீண்டது என்பதைச் சேதத்தின் அளவோ, வந்த பணத்தின் அளவோ முடிவு செய்யவில்லை. மக்களுக்கு இடையே முன்பே இருந்த உறவுகளே முடிவு செய்தன என்று கண்டார். யார் வீட்டுக் கதவை யார் தட்டலாம் என்பது அந்த நாளில் புதிதாக உண்டாவதில்லை.

அடுத்த தெருவில் யாரிடம் மோட்டார் இருக்கிறது, எந்த மாடியில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார், யாருக்கு இன்சுலின் குளிரில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பத்துப் பேருக்காவது தெரிந்திருக்கும். உங்கள் தெருவில் சுற்றுச்சுவர் உயரம். அவரவர் பணத்துக்கு அவரவர் ஆள் தேடியிருப்பார்கள். ஊரே மூழ்கிய வாரத்தில் பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து, முன்பின் அறியாதவர்களை ஆயிரக்கணக்கில் மீட்டார்கள். முன்பின் அறியாதவர்களை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஏனென்றால் உறவுக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழகக் கடலோரத்தில் ஊர்க் கட்டுப்பாடு வலுவாக இருந்த கிராமங்களுக்கு உதவி விரைவாக வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியல்களில் கைம்பெண்களும் தலித்துகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் விடுபட்டார்கள் என்பதையும் அதே ஆல்ட்ரிச் எழுதியிருக்கிறார். இறுகப் பிடித்த கைகளுக்குள் நுழைய முடியாதவர் வெளியே நிற்பார். நான் பார்த்த நிவாரணப் பட்டியல்களிலும் வாடகைக்கு இருப்பவர் பெயர்தான் முதலில் காணாமல் போகும். வீட்டுக்காரர் பெயரில் பணம் வரும், நனைந்த பாய் வாடகைக்காரருடையதாக இருக்கும்.

நீங்கள் மாணவர்தானே, நேரம் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். யார் இருக்கிறார்கள், என்ன மருந்து, யாரிடம் சாவி, யாரிடம் மோட்டார், ஏணி, கயிறு. கைபேசியில் வேண்டாம், வெள்ளத்தன்று கைபேசிக்கு மின்சாரம் இருக்காது. முதல் வாரம் கதவைப் பாதிதான் திறப்பார்கள். போகப்போகத் திறப்பார்கள்.

கேள்வி: தற்காலிகக் குடியிருப்பில் வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். அதுதானே நியாயம்? என் மாமியார் மட்டும் அழுதுகொண்டே இருக்கிறார்.
— முகாமிலிருந்து ஒரு வாசகி

உங்கள் மாமியார் சரியாகத்தான் அழுகிறார். 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தார்கள். அரசு விரைந்து முகாம் வீடுகள் கொண்டுவந்தது. வந்தவருக்கு வந்த வரிசையில் வீடு. யாருக்கும் பாரபட்சம் இல்லை. ஆனால் தலைமுறைகளாக அண்டை வீட்டில் இருந்தவர்கள் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினார்கள். அங்கே போய் ஆராய்ந்த சமூகவியலாளர் காய் எரிக்சன், வெள்ளம் தந்த அதிர்ச்சி ஒன்று, சுற்றம் கலைந்த அதிர்ச்சி இன்னொன்று என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவது எளிதில் ஆறவில்லை.

குலுக்கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு வீடாகக் குலுக்குவதற்குப் பதில் தெருத் தெருவாகக் குலுக்கச் சொல்லுங்கள். எந்த வரிசை எந்தத் தெருவுக்கு என்று சீட்டு எடுக்கட்டும். எட்டுப் பத்துக் குடும்பம் சேர்ந்து கையெழுத்திட்டு இன்றே மனு கொடுங்கள். சாவி கைமாறிய பிறகு எந்த அதிகாரியும் பட்டியலைத் திருத்த மாட்டார். அந்த நாற்காலியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

கேள்வி: ஆற்றுக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவே பத்தடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் கட்டக் கோரிப் போராட்டம் நடத்துகிறோம். ஆற்றுப் பொறியாளரான நீங்கள் ஆதரித்து நாலு வரி எழுத வேண்டும்.
— போராட்டக் குழு சார்பில்

நாலு வரிக்கு மேலேயே எழுதுகிறேன். நீங்கள் கேட்ட ஆதரவாக அது இருக்காது, மன்னியுங்கள்.

என் பணிக்காலத்தில் நானும் சுவர் கட்டியிருக்கிறேன். சில இடங்களில் சுவர் வேண்டும்தான். ஆனால் சுவர் எழுந்ததும் என்ன நடக்கும் தெரியுமா? இனி பயமில்லை என்று சுவரை ஒட்டி இன்னும் நூறு வீடுகள் வரும். சுவர் தாங்கும் அளவுக்கு மேல் ஒரு வெள்ளம் ஒருநாள் வரும்போது மூழ்குவது முன்பைவிட நூறு வீடு அதிகம். கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1940களிலேயே இதைத்தான் சொன்னார்: வெள்ளம் இறைவன் செயலாக இருக்கலாம், வெள்ளச் சேதம் பெரும்பாலும் மனிதன் செயல்.

கோசி ஆற்றைப் பாருங்கள். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசகா என்ற இடத்தில் கரை உடைந்தது. வினாடிக்கு ஒன்பதரை லட்சம் கன அடி தாங்கும் என்று வடிவமைத்த கரை அது. உடைந்த அன்று ஓடியது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு! கரைகளுக்கு நடுவே ஆண்டாண்டாக வண்டல் படிந்து படுகை உயர்ந்துவிட்டது. ஆறு வெளியே இருந்த ஊர்களைவிட உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உடைத்துக்கொண்டு போன நீர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளிப் புதுத்தடம் பிடித்தது. பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். கரைக்குப் பின்னால்தானே இருக்கிறோம் என்று தூங்கிய ஊர்கள் அவை.

கரை கட்டுவதில் நெதர்லாந்தை மிஞ்ச ஆள் இல்லை. அவர்களே 1993இலும் 1995இலும் ஆறுகள் விளிம்பு வரை வந்து, 1995இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்த பிறகு, உயர்த்தியது போதும், இனி ஆற்றுக்கு இடம் விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை நடந்தது. நைமேகன் நகருக்கு எதிர்க்கரையில் கரையை 350 மீட்டர் பின்னால் நகர்த்தி, ஆற்றுக்குத் துணையாக இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். அதற்காக ஏறத்தாழ ஐம்பது வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. அது வலியில்லாமல் நடந்திருக்காது. இன்னோர் இடத்தில், ஓவர்டீப்ஸ தாழ்நிலத்தில், உழவர்களே ஒரு திட்டத்தோடு வந்தார்கள்: வயலுக்குள் பெருவெள்ளம் வரட்டும், எங்கள் வீட்டையும் தொழுவத்தையும் மேடிட்டு உயர்த்திக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனை அதுதான். பொறியாளர் யாரும் முதலில் சொல்லவில்லை என்பதும் சேர்ந்தே பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேளுங்கள். சுவர் கட்டினால் உங்கள் பக்கம் பெய்யும் மழை எந்த வழியாக ஆற்றுக்குப் போகும்? மதகு எத்தனை, அடைபடாமல் பார்ப்பது யார், ஆறு நிரம்பி மதகு மூடிய நாளில் இறைக்க மோட்டார் எங்கே? இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்தில் பதில் இல்லாத சுவர், வெள்ளத்தை உங்களோடு உள்ளே வைத்துப் பூட்டும்.

கேள்வி: உதவிக்காகப் பழைய துணிகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கே அனுப்பலாம்?
— ஒரு வாசகர்

யார் கேட்டார்கள்? கேட்டிருந்தால் அவர்களுக்கு அனுப்புங்கள். கேட்கவில்லையென்றால் பணமாகக் கொடுங்கள்.

கேள்வி: வயல் பன்னிரண்டு நாள் நீரில் கிடந்தது. மேலே ஒரு சாண் மணலும் வண்டலும் படிந்திருக்கிறது. உடனே உழுது அடுத்த பயிர் வைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கிறது.
— விவசாயி

கை துடிப்பது புரிகிறது. ஆனால் ஈர மண்ணில் டிராக்டர் இறங்கினால் மண் கல்லாக இறுகும்; ஓர் அவசர உழவு பல போகத்துக்கு வேரைத் தடுக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டை உதிர வேண்டும். பிசைந்த களியாக நின்றால் இன்னும் நேரம் ஆகவில்லை.

படிந்தது என்ன என்பதையும் பாருங்கள். விரலில் வழுவழுப்பாக இருந்தால் வண்டல். அடிமண்ணோடு கலந்து உழலாம், அது ஆறு கொண்டுவந்து கொடுத்த உரம். நறநறவென்று மணல் ஒரு சாண் கனத்துக்கு இருந்தால் முடிந்தவரை வழித்து எடுக்கத்தான் வேண்டும். எடுத்ததைக் கரைமேடாக்குங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. 1993இல் மிசிசிப்பி, மிசூரி ஆறுகள் பெருகி வடிந்த மறு ஆண்டு, அங்கே பல வயல்களில் மக்காச்சோளம் ஊதா நிறம் தட்டிக் குன்றிப்போனது. மண்ணில் மணிச்சத்து இருந்தும் பயிரால் எடுக்க முடியவில்லை. வேரோடு கூடி வாழ்ந்து சத்தை ஊட்டும் பூஞ்சைகள், நீரடியில் செடியே இல்லாமல் கிடந்த நிலத்தில் குறைந்துபோயிருந்தன. ஆகவே நிலத்தை வெறுமனே போடாதீர்கள். நெல்லோ பருப்போ பிறகு. முதலில் ஏதாவது ஒன்று வேர்விட்டு நிற்கட்டும். தக்கைப்பூண்டு நீர் தேங்கினாலும் தாங்கும், மடக்கி உழுதால் உரமும் ஆகும்.

ஆண்டுதோறும் மூழ்கும் நிலம் என்றால் மூழ்கினாலும் பிழைக்கும் நெல் ரகம் கேளுங்கள். எஃப்.ஆர்.13ஏ என்ற ஒடிசாவின் பழைய நெல்லில் இருந்த ஒரு மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அதைச் சேர்த்து உருவாக்கிய ‘ஸ்வர்ணா சப்1’ இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் துளிர்க்கிறது. அதன் தந்திரம் என்ன தெரியுமா? மற்ற நெல் நீருக்கு மேலே தலை நீட்டப் பரபரத்து வளர்ந்து, இருப்பைச் செலவழித்துச் சாகும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும்.

கேள்வி: ஓடையில் மரங்கள் வேரோடு விழுந்து கிடக்கின்றன. பொக்லைன் விட்டு எல்லாவற்றையும் வழித்து ஓடையை நேராக்கிவிட்டால் அடுத்த முறை நீர் வேகமாக ஓடிவிடுமே?
— வார்டு உறுப்பினர்

ஓடிவிடும். ஓடி, கீழே இருக்கும் ஊரில் நிற்கும். பாலத்தடியிலும் மதகு வாயிலும் கிடக்கும் மரங்களை இன்றே அகற்றுங்கள், அதில் இரண்டாம் கருத்து இல்லை. மேட்டுப் பகுதியில், வீடு இல்லாத இடத்தில் குறுக்கே விழுந்தவற்றைப் பார்த்துப் பார்த்து விட்டுவையுங்கள்.

இங்கிலாந்தின் பிக்கரிங் என்ற சிற்றூர் அடிக்கடி மூழ்கிவந்தது. 2007 வெள்ளத்துக்குப் பிறகு, மேட்டுநில ஓடைகளின் குறுக்கே வேண்டுமென்றே மரத்தடிகளைக் கிடத்தினார்கள். மரம் நட்டார்கள், ஊருக்கு மேலே நீர் தேங்கி மெல்ல வடிய ஒரு மண்கரையும் எழுப்பினார்கள். 2015 டிசம்பரில் சுற்றுவட்டாரம் மூழ்கியபோது பிக்கரிங் தப்பியது. தடியின் கீழே வழக்கமான நீர் ஓடிவிடும். பெருகி வரும்போது மட்டும் தடுக்கித் தயங்கும். கீழே உள்ளவர்களுக்குக் கிடைப்பது அந்தத் தயக்கம்தான். கரையோரம் சரிந்த இடத்தில் வெட்டிவேர் வையுங்கள். கான்கிரீட்டுக்கு ஒப்பந்தம் போட ஆள் வருவார்கள், வெட்டிவேருக்கு வரமாட்டார்கள். அது ஒன்றுதான் அதன் குறை.

கேள்வி: என் பேரனுக்கு ஆறு வயது. தூறல் போட்டாலே பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறான். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
— ஒரு பாட்டி

சிரிக்க வேண்டாம் என்று அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவன் நடந்ததை நினைவில் வைத்திருக்கிறான். நீங்களும் அவனோடு உட்கார்ந்து அந்தப் பையைத் திறந்து பாருங்கள். டார்ச், மருந்து, ஆவணங்களின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும்; பை எங்கே மாட்டியிருக்கிறது என்று வீட்டுக்கே தெரியட்டும். பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளையை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆறு வயதில் கற்கக்கூடிய வேலைதான். பெரும்பாலான மழை சின்ன மழை என்பதை அவன் கையெழுத்தே அவனுக்குச் சொல்லும். இரவில் தூக்கமில்லாமல், பேச்சுக் குறைந்து, மாதக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மூன்று முறை மூழ்கிவிட்டோம். இடத்தை விட்டே போய்விடலாமா என்று பாதி ஊர் சொல்கிறது, கூடாது என்று பாதி ஊர்.
— ஊராட்சி முன்னாள் தலைவர்

வெளியிலிருந்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. போய்ப் பார்த்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் கிரந்தம் என்ற சிற்றூரில் 2011 சனவரியில் திடீர் வெள்ளம் வந்து 12 பேரைக் கொண்டுபோனது. பக்கத்து மேட்டில் உள்ளாட்சி நிலம் வாங்கி, கீழே இருந்த மனைக்கு மாற்றாக மேலே மனை என்று கொடுத்தது. விரும்பியவர் மட்டும் மாறலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் குடும்பம் மேட்டில் குடியேறியது. அமெரிக்காவின் வால்மேயர் என்ற ஊர் 1993 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டுக்கே மாறியது. அங்கேயும் எல்லோரும் சேர்ந்து போகவில்லை.

இரண்டு ஊர்களிலும் பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் போய்வரும் தூரத்தில்தான் புது இடம். வேலையும் வயலும் கைவிட்டுப் போகவில்லை. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் மனை தருகிறோம் என்று யாராவது சொன்னால், போகும் பஸ்ஸில் ஏறி ஒரு வாரம் தினமும் போய்வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: உங்கள் பழைய கட்டுரைகளையும் படித்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் பொறு, பொறு என்கிறீர்கள். நனைந்தவனுக்கு அவசரம் இருக்காதா? எதில்தான் அவசரப்படலாம்?
— கோபமாக ஒருவர்

கோபம் நியாயமானது. அவசரப்பட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதையும் துடைப்பதற்கு முன் எல்லா அறைகளையும் கறைக்கோடு தெரியப் படம் எடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அதுதான் சாட்சி. மெத்தை, பஞ்சு, அட்டை எல்லாம் ஒன்றிரண்டு நாளுக்குள் வெளியே போக வேண்டும், பூஞ்சணம் பிடிக்க அதற்குமேல் நேரம் ஆகாது. சாக்கடை வாயில் அடைத்த சேற்றை அன்றே எடுங்கள். சேற்றில் வேலை செய்தவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், கசாயம் வைத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் இறங்கினேன் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுநீரகத்தைத் தாக்குமுன் பிடித்தால் எளிய மருந்திலேயே குணமாகும்.

என் சக ஊழியர் ஒருவர் மழைக்காலக் காய்ச்சல்தான் என்று ஒரு வாரம் இருந்துவிட்டார். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கேள்வி: வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டுமா என்கிறேன் நான். யார் சரி?
— ஒரு வாசகி

ஜெர்மனியில் பாசௌ என்ற ஊரில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. அந்த நகர மன்றக் கட்டடத்தின் சுவரில் பல நூற்றாண்டு வெள்ளங்களின் உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 சூனில் நீர் 12.89 மீட்டரைத் தொட்டபோது, இது 1501க்குப் பிறகு வந்த மிகப்பெரிய வெள்ளம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. என்னைப் போன்றவர்கள் எந்த இடம் எத்தனை அடி மூழ்கும் என்று வரைபடம் போடும்போது இப்படிப்பட்ட கோடுகளைத்தான் தேடி அலைவோம். வண்ணம் பூசிய சுவர்களின் முன் நின்று, ஞாபகம் இருக்கிறதா என்று முதியவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் முழங்கால் என்பார், அவர் தம்பி மார்பு என்பார்.

ஆகவே உங்கள் கணவர் பக்கம்தான் நான். ஆனால் கூடத்தில் வேண்டாம். கதவுக்குப் பின்னால் போடட்டும், தேதியோடு. தெருவிலிருந்து உயரத்தை அளக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு ஏறிக்கொண்டே போகும். வாசற்படிக் கல்லின் மேல்விளிம்பிலிருந்து அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று கோட்டின் பக்கத்திலேயே எழுதட்டும்.